அண்ணன் மகளிடம் பேசக் கற்ற மொழி

இது நடந்தது 2009 ஜூன் மாதத்தில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில். திராட்சைத் தோட்டத்தையும் மாதா கோயிலையும் விட்டால் வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட எங்களிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஊரில் ஒரு மத்தியான வேளையில், பந்தலுக்கு அடியில் மண்ணில் உட்கார்ந்துகொண்டு நான் பின்லாந்து மொழி பேசினேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இன்றுவரை வரவில்லை.

எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன் என்பதால் சின்ன வயதிலிருந்தே 'வா போ' என்றுதான் பேச்சு. கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, கம்பெனி வழியாகப் பின்லாந்துக்குப் போனான். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். எங்கள் அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பா சில நாள் யாரோடும் பேசாமல் தோட்டத்திலேயே கிடந்தார். பிறகு கல்யாண போட்டோ வந்ததும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிச் சமாதானமாகிவிட்டார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். நடக்கப் பழகும் வயதில் ஒரு தடவை கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் போன் செய்வான். பேசி முடித்துவிட்டு மகளிடம் கொடுப்பான். அவள் ஏதோ சொல்வாள். நான் "சாப்ட்டியா கண்ணு" என்பேன். அவள் மறுபடி ஏதோ சொல்வாள். நானும் மறுபடி "சாப்ட்டியா" என்பேன். ஆளுக்கொரு பக்கம் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அந்தக் குழந்தைக்கு எங்கள் அம்மாவின் முகச்சாடை அப்படியே இருந்தது. முகம் எங்கள் வீட்டு முகம். பேச்சு மட்டும் யார் வீட்டுப் பேச்சோ.

அண்ணனைக் கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வான். அவனும் அண்ணியும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அம்மாவும் மகளும் அவர்கள் மொழியில் பேசுகிறார்களாம். இவன் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறானாம், தமிழ் சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே என்பான். எனக்கு ஒருநாள் ஆத்திரம் வந்துவிட்டது. "நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம்ணே. நானே அவ பாஷையப் படிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவன் சிரித்த சிரிப்பில் ரோஷமும் வந்துவிட்டது.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை உத்தமபாளையம் கடைவீதியில் இருக்கிறது. அதே கட்டடத்தின் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். அதை நடத்திய பாய் என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். மத்தியானம் கடை சாத்துகிற நேரத்தில் மாடி ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஊருக்குப் போகப் போறீகளாக்கா?"

"போகல தம்பி. அண்ணன் மககிட்ட போன்ல பேசணும்."

அவர் சிரிக்கவில்லை. "என் தங்கச்சி பிள்ளைகளும் துபாய்ல இந்தியும் மலையாளமும் கலந்துதான் பேசுதுக. எங்கம்மா போனை வச்சுட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் இருந்த கம்ப்யூட்டரைத் துடைத்துத் தன்னுடைய ஹெட்போனையே எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த ஓரம் என் இடம் ஆகிவிட்டது.

இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்து, ஒழுங்காகப் பாடம் பாடமாகப் படித்தேன். சில மாதங்களில் நாலு வாக்கியம் தேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளிடம் முழுசாக ஒப்பித்தேன். பிறகு அவள் அப்பாவிடம் ஏதோ கேட்பது கேட்டது. அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தான். "டிவில நியூஸ் வாசிக்கிறவங்க எதுக்குப்பா நம்ம வீட்டுக்குப் போன் பண்றாங்கன்னு கேக்குறா" என்றான்.

அப்புறம்தான் விளக்கினான். அங்கேயும் நம்மைப் போலவே எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்றாம். புத்தகத்தில் 'மினா ஓலேன்' என்று இருப்பதை வீட்டில் 'மா ஓன்' என்று முடித்துவிடுவார்களாம். நாமும் 'நான் இருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'நா இருக்கேன்' என்றுதானே சொல்கிறோம். ரேஷன் கடையில் போய் நின்று, 'ஐயா, எனக்குச் சர்க்கரை வழங்குவீர்களா' என்று கேட்ட கதையாக ஆகிவிட்டது என் கதை.

விடுவதாக இல்லை. பேச்சு மொழியை மட்டும் சொல்லித்தரும் இன்னொரு தளம் கிடைத்தது. சாதாரண மனிதர்கள் கடையில் பேசுவது, பிள்ளைகளைத் திட்டுவது, மழையைப் பற்றி அலுத்துக்கொள்வது என்று சின்னச் சின்னப் பதிவுகள். அந்தத் தளத்திலேயே, பழகுவதற்குப் பேச்சுத்துணை வேண்டுமென்று கேட்டுப் பதிந்து வைக்கலாம். எனக்குக் கிடைத்தவர் அந்த நாட்டின் வடக்கே ஒரு சின்ன ஊரில் பஸ் ஓட்டும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். காலையில் பஸ் நடையை முடித்துவிட்டு அவர் ஓய்வாக இருக்கும் நேரமும், எங்கள் கடை சாத்தும் நேரமும் ஒன்றாக அமைந்தது. அவருக்கு இந்தியாவைப் பற்றி ஆசை எதுவும் இல்லை. யாராவது தன் மொழியைக் கஷ்டப்பட்டுப் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும் என்றார்.

அவரிடம் எனக்குப் பெரிய சிரமம் மொழியால் வரவில்லை. அவருடைய மௌனத்தால் வந்தது. நான் ஒன்று கேட்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டதென்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்பேன். பாய் ஓடிவந்து வயரை ஆட்டிப் பார்ப்பார். அதற்குள் அவர், "மா ஓன் தாஸ்ஸா" என்பார். நான் இங்கன இருக்கேன் என்று அர்த்தம். யோசித்துக்கொண்டிருந்தாராம். நம் ஊரில் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. அங்கே கேட்டவுடன் பதில் சொன்னால், கேள்வியை மதிக்கவில்லை என்று ஆகிவிடுமாம். "நீ குறுக்கே பேசினால் நான் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்" என்றார். ஒருநாள் இங்கே கரண்ட் போய், கம்ப்யூட்டர் அணைந்து, ரொம்ப நேரம் கழித்து வந்தது. மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால், அவர் நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக் காபி குடித்துக்கொண்டே காத்திருந்தாராம்.

என் வாயை மூடப் பழக்கிய ஒரே ஆள் உலகத்தில் அவர்தான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

2008 அக்டோபரில் அண்ணன் இறந்துவிட்டான்.

வேலைக்குப் போகக் காரை எடுக்கப் போனவன் அங்கேயே விழுந்துவிட்டான். மாரடைப்பு. ஒரு நோய் நொடி சொன்னதில்லை. உடலை இங்கே கொண்டுவருவதா என்று போனிலேயே பேச்சு நடந்தது. அப்பாதான் முடிவு சொன்னார். "அவன் பொண்டாட்டி பிள்ளை இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். அதுக ரெண்டும் பூப்போட எங்கன போகும்?" எங்களால் அடக்கத்துக்கும் போக முடியவில்லை. இங்கே கோயிலில் பூசை வைத்தோம். முகம் பார்க்காத சாவு எப்படிப்பட்டதென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அழுகை பாதியிலேயே நின்றுவிடுகிறது. நம்பவும் முடிவதில்லை, நம்பாமலும் இருக்க முடிவதில்லை.

நான் மாடி ஏறுவதை விட்டுவிட்டேன். யாரிடம் பேசுவதற்கு இனிமேல்?

கிறிஸ்துமஸ் அன்று அண்ணி போன் செய்தார். அவருடைய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. என் ஆங்கிலம் மருந்துப் பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவோடு சரி. பிறகு மகளிடம் கொடுத்தார். அவள் எதுவுமே சொல்லவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பதறிப்போய் எல்லா வார்த்தையையும் கொட்டினேன். அவள் வைத்துவிட்டாள். அப்பா என் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்லுச்சு பிள்ள?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணன் இருந்தவரை எங்களுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் அவன் இருந்தான். இனி அந்த இடத்தில் யாரும் இல்லையென்றால், கொஞ்ச வருடத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு சொந்தம் முடிந்துவிடும். அண்ணனின் கடைசி மிச்சமும் கைவிட்டுப் போய்விடும்.

மறுநாளே மாடி ஏறினேன். பஸ் ஓட்டும் பெண்ணிடம், என் அண்ணன் இறந்துவிட்டான் என்று அவருடைய மொழியில் சொன்னேன். அவர் பேசவில்லை. நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "மா ஓன் தாஸ்ஸா" என்று மட்டும் சொன்னார். அதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அதன் பிறகு வெறிபிடித்த மாதிரி படித்தேன். ஜூனில் பள்ளிக்கூட விடுமுறைக்கு மகளை அழைத்துக்கொண்டு வருவதாக அண்ணி சொல்லியிருந்தார்.

மதுரை விமான நிலையத்தில் அவர்களைப் பார்த்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவர் கையைப் பிடித்தபடி ஏழு வயது நிறையப்போகும் எங்கள் அம்மா முகம். காரில் வரும்போது மெதுவாக, அசதியா இருக்கா என்று அவள் மொழியில் கேட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தேன். உசிலம்பட்டி தாண்டியிருக்கும். "கொஞ்சம்" என்றாள். ஒரு வார்த்தைதான். ஆனால் அது நான் கேட்டதற்குப் பதில். அண்ணி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணன் இருந்திருந்தால் அன்றைக்கு என்னைக் கேலி செய்தே கொன்றிருப்பான்.

ராத்திரி அண்ணி என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். தன் அப்பா இறந்ததிலிருந்து அந்தக் குழந்தை ஒரு தடவைகூட அழவில்லையாம். அடக்கத்தின்போதும் அழவில்லையாம். பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அப்பா பேச்சை மட்டும் எடுப்பதில்லை. மருத்துவர் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறாராம். எனக்கும் புரியும்படி அண்ணி தன் மொழியிலேயே மெதுவாக, சின்ன வார்த்தைகளாகப் பொறுக்கிச் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து துக்கம் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனவர்கள், அந்த வீட்டு ஆளை எப்போது முதலில் பார்க்கிறார்களோ அப்போது கட்டிப்பிடித்து, வாய்விட்டு அழ வேண்டும். மாதக் கணக்கில் ஆகியிருந்தாலும் அழ வேண்டும். அழாமல் போனால் அவர்கள் வந்ததாகவே கணக்கில்லை. ஊரே முகம் பார்க்காத சாவு இது. எட்டு மாதமாக எல்லோர் நெஞ்சிலும் தேங்கி நின்ற அழுகை, அண்ணியையும் அந்தக் குழந்தையையும் பார்த்ததும் உடைத்துக்கொண்டது. அண்ணி கட்டை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று வெளியே போய்ப் பேசினார்கள். குழந்தை அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் காலை அண்ணிக்கு வயிற்றுப்போக்கு கண்டு எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் அவரை ஆட்டோவில் உத்தமபாளையத்துக்குக் கூட்டிப்போனார். குளுகோஸ் ஏற்ற வேண்டும், சாயங்காலம் ஆகும் என்று போன் வந்தது. குழந்தையை அண்ணி என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அம்மா பிறந்த ஊரிலிருந்து பெரியம்மா, சித்தி, அவர்கள் வகையறா என்று ஒரு வேன் நிறையப் பெண்கள். தெருமுனையிலேயே அழுகையை ஆரம்பித்துவிட்டார்கள். "எம் மகன் முகத்த உரிச்சு வச்சுருக்கே ஆத்தா, அவன எங்கன விட்டுட்டு வந்த" என்று பெரியம்மா குழந்தையை வாரி அணைத்தார். அவரிடமிருந்து சித்தி, சித்தியிடமிருந்து இன்னொருவர். குழந்தை கை மாறிக் கை மாறிப் போனாள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோருக்கும் அவன்மேல் உயிர். நான் எல்லோருக்கும் காபி போடுவதற்கு உள்ளே போனேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது குழந்தை யார் மடியிலும் இல்லை.

அந்த அறை, இந்த அறை, கொல்லை, பக்கத்து வீடு. எங்கும் இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் தோட்டம். பன்னீர் திராட்சைப் பந்தல், ஆள் குனிந்து போகிற உயரம். ஒரு குழந்தை நிமிர்ந்தே ஓடலாம். பந்தல் முடிகிற இடத்தில் கிணறு. பழைய பெரிய கிணறு, கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும்.

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஊர் கூடிவிட்டது. எங்கள் ஊரில் ஆடு காணாமல் போனாலே ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு ஓடுவார்கள். இது குழந்தை. பந்தலின் நாலு பக்கத்திலிருந்தும் "பாப்பா, ஏ பாப்பா" என்று சத்தம். பன்றி விரட்டத் தட்டும் தகரத்தை யாரோ எடுத்துத் தட்டினார்கள். நாய்கள் குரைத்தன. பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் உட்கார்ந்துவிட்டார். நானும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பந்தலுக்குள் ஓடினேன். அப்போது தூரத்தில் கொடிகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. என் சத்தம் கேட்டதும் அது கிணற்றுப் பக்கமாக ஓடி மறைந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வழி தெரியாமல் போகவில்லை. எங்களுக்குப் பயந்து ஓடுகிறாள். நாங்கள் சத்தம் போடப் போட அவளைக் கிணற்றுக்குத்தான் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

வெளியே ஓடிவந்து எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். யார் கேட்பார்கள்? "கூப்புடாம எப்பிடித்தா கெடைப்பா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று சித்தி என்னையே திட்டினார். இரண்டு பேர் கிணற்றுப் பக்கம் ஓடத் தயாரானார்கள். அவர்கள் வருவதைப் பார்த்தால் அவள் என்ன செய்வாளோ? அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். மகன் செத்ததிலிருந்து குரல் உயர்த்திப் பேசாத மனுஷன்.

"ஏலே, எவனும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது" என்றார். "எல்லாரும் வாய மூடிட்டு வீட்டுக்குள்ள போங்க. எம் மகளுக்கு அவ பாஷை தெரியும். அவ பேசட்டும்."

அப்பா சொன்ன தொனியில் தகரம் தட்டுவது நின்றது. நாய்களை இழுத்துக் கட்டினார்கள். கூட்டம் கொல்லைக் கதவுக்கு உள்ளே போனது. காற்றில் இலை உரசுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

நான் குனிந்து மெதுவாக நடந்தேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால், கிணற்றில் இறங்கும் படிகளில் முதல் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. எட்டிப் பிடிக்க முடியாத தூரம். ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் திரும்பாமலே, "வராதே" என்றாள்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "மா ஓன் தாஸ்ஸா" என்றேன்.

பதில் இல்லை. எனக்குள் எல்லாம் கதறியது. வா கண்ணு, அத்தை தூக்கிக்கிறேன், பயப்படாதே, விழுந்துவிடாதே என்று தமிழில் அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றது. ஒன்றையும் விடவில்லை. அவள் யோசிக்கிறாள், குறுக்கே பேசினால் மறுபடி முதலிலிருந்து யோசிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"மிக்ஸி நே ஹூதா?" என்றாள் கடைசியில். ஏன் அவங்க கத்துறாங்க?

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். அப்பா செத்ததற்கு அவர்களுக்கு என்மேல் கோபமா, நான் என்ன செய்தேன் என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த மொழி கடைக்கும் பஸ்ஸுக்கும் மழைக்கும் போதுமான மொழி. இதற்குப் பதில் சொல்ல அதில் எங்கே வார்த்தை? இருந்த சின்ன வார்த்தைகளை வைத்துச் சொன்னேன். கோபம் இல்லை. உன்மேல் இல்லை. அவங்க கத்தவில்லை. அவங்க அழுகிறார்கள்.

அவள் கொஞ்சம் திரும்பி என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. "அழுதால் சத்தம் வராது" என்றாள். அம்மா அழும்போது சத்தம் வராதாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாராம். இவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாளாம். இவளும் அழுதுவிட்டால் அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாகிவிடும் என்று அழுவதில்லையாம். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒன்று சொல்வாள். நிறுத்துவாள். நான் காத்திருப்பேன். அடுத்தது வரும்.

"இந்த ஊரில் சத்தமாகத்தான் அழுவார்கள்" என்றேன். "உன் அப்பாவும் இந்த ஊர்தான். அவனும் சின்ன வயதில் ஊருக்கே கேட்கிற மாதிரி அழுவான்."

அவள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாங்கோ மாகின்?" என்றாள்.

நானும் அழலாமா என்று கேட்டாள்.

"சாத்" என்றேன். அழலாம்.

அவள் படியிலிருந்து எழுந்து, நடந்து, என் மடியில் வந்து உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. எப்படிச் செய்வது என்று தெரியாததுபோல வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க, பந்தலே அதிர்கிற மாதிரி அழுதாள். நானும் அழுதேன். அண்ணன் செத்துப்போய் எட்டு மாதம் கழித்து, அன்றைக்குத்தான் அவன் செத்துவிட்டான் என்று நானும் முழுதாக நம்பினேன். வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் ஓடிவரப் பார்த்திருக்கிறார்கள். அப்பா கொல்லைக் கதவில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றாராம். அவருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததாகப் பிறகு பெரியம்மா சொன்னார்.

சாயங்காலம் அண்ணி திரும்பி வந்தபோது குழந்தை என் மடியில் தூங்கிப்போயிருந்தாள். நடந்ததை எல்லாம், கிணறு உட்பட, மறைக்காமல் சொன்னேன். இலக்கணம் எல்லாம் தாறுமாறாக வந்தது. குளியலறைக் குழாய் பற்றியும் சொன்னேன். அண்ணி எழுந்து போய்ப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியம்மா அவரை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அண்ணியிடமிருந்து வந்த சத்தம் எங்கள் பெண்கள் போடுகிற சத்தத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன வாய்கள்தான் அன்றிரவு அவருக்குக் கஞ்சி ஊதிக் கொடுத்தன.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. என் பேச்சில் இன்னும் ஆயிரம் தப்பு இருக்கிறது, அவள் திருத்துகிறாள். அவளுக்குத் தமிழில் திட்டுவதற்கு மட்டும் நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதைச் சுத்தமாகச் சொல்கிறாள். அவளிடம் எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் நான் அந்த மொழியைப் படித்தேன். ஆனால் ஏழு வயதுக் குழந்தை ஒருத்தி, தன் அப்பாவுக்காக அழுவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்தபோது, அதைப் புரிந்துகொண்டு 'அழலாம்' என்று சொல்ல ஒரு ஆள் அங்கே இருந்ததே, அதற்காகத்தான் நான் படித்திருக்கிறேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.